மூலைதான் கத்துது

அன்புள்ள ஐயா,

நீங்கள் வால்வு (பழைய ரேடியோக்களில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் கட்டிய அனுபவத்தைப் படித்துத்தான் நானும் இதில் இறங்கினேன். நான்கு வருடத்தில் இது மூன்றாவது ஆம்ப்ளிஃபையர். இப்போது இருப்பது இஎல்34 என்ற வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும் புஷ்-புல் வகை, கிட் வாங்கி நானே கட்டியது. ஸ்பீக்கர், ஒரு வாட்டுக்கு 84 டெசிபல் சத்தம் தரும் புக்‌ஷெல்ஃப். ஹாலில் டிவி ஓடும், ஆள் நடமாட்டம் இருக்கும். அதனால் மாடியில் பத்துக்குப் பத்து ரூம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறேன். அம்மாகூட எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் பேஸ் (கீழ்ஸ்தாயிச் சத்தம்) சரியில்லை. சில இடங்களில் குமுறுகிறது, சில இடங்களில் காணவே இல்லை. மல்லார்ட் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் பழைய வால்வு போட்டால் சரியாகும் என்கிறார்கள் நண்பர்கள். நாலு வால்வுக்கு அறுபதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? அல்லது 300பி என்ற ஒற்றை வால்வே வேலை செய்யும் சிங்கிள் எண்டடுக்கே போய்விடலாமா? வெள்ளிக் கேபிள் உண்மையிலேயே வித்தியாசம் காட்டுமா?

போன வாரம் வால்வு சாக்கெட்டில் கை பட்டு லேசாக ஷாக் அடித்தது. ஸ்விட்சை ஆஃப் பண்ணித்தான் வைத்திருந்தேன். கிரவுண்டிங் பிரச்சினையாக இருக்குமோ?

கே., திருப்பூர்

அன்புள்ள கே,

கடைசி வரியை முதலில் பேசிவிடுவோம். 'லேசாக ஷாக் அடித்தது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அது கிரவுண்டிங் பிரச்சினை இல்லை. ஸ்விட்சை அணைத்தால் மெயின்ஸ் மட்டும்தான் போகும். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பவர் சப்ளை கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் அப்படியே நிற்கும். வால்வுகள் சூடாக இருந்தால் அவையே அந்தச் சார்ஜை இழுத்துக் குடித்துவிடும். வால்வைக் கழற்றிவைத்துவிட்டு ஆன் செய்து பார்த்து அணைத்தால் குடிக்க ஆள் இல்லை. நீங்கள் அதைத்தான் செய்திருப்பீர்கள். ஒரு கை வழியாக ஏறி மறு கை வழியாக இறங்கியிருந்தால் நடுவில் இருப்பது உங்கள் இதயம். மூன்று ஆம்ப்ளிஃபையர் கட்டியவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா? மெயின் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். நூறு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் இரண்டு நிமிடத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே விரலை விடக்கூடாது.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்கிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கடையெல்லாம் கிடையாது, ஒரு துணிப்பைதான். வால்வு ரேடியோவின் பின்பக்க அட்டையைக் கழற்றியதும், சூடான தூசியும் மெழுகும் கலந்த ஒரு வாசனை வரும். அவர் உடனே கை வைக்க மாட்டார். பையிலிருந்து ஹோல்டரில் மாட்டிய பதினைந்து வாட் பல்பு ஒன்றை எடுப்பார். அதன் இரண்டு வயர்களையும் ஒற்றைக் கையில் பிடித்து கெப்பாசிட்டரில் வைப்பார். பல்பு பளிச்சென்று ஒரு முறை எரிந்து அணையும். இன்னொரு முறை வைப்பார். எரியாது. அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர். இவ்வளவு நேரமும் இடது கை முதுகுக்குப் பின்னால், வேட்டியில் செருகி இருக்கும். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். "அந்தக் கைக்கு இங்க வேலை இல்லப்பா" என்றார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர் நினைவுக்கு வந்ததற்கு ஷாக் மட்டும் காரணமில்லை. எங்கள் வீட்டுக்கு ஸ்டீல் பீரோ ஒன்று வந்தபோது, ஜன்னலோரம் இருந்த ரேடியோவை அறையின் மூலைக்கு நகர்த்தினோம். அன்று சாயங்காலமே இலங்கை வானொலி அறிவிப்பாளரின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. பாட்டில் தபலா அடித்தால் மேஜையே உறுமும். வால்வு போய்விட்டது என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். அண்ணாச்சி வந்தார். பையைக் கீழே வைத்தார், பிரிக்கவே இல்லை. ரேடியோவைப் பாடவிட்டு அறைக்குள் ஒரு சுற்று நடந்தார். பிறகு மேஜையின் ஒரு காலை என்னைப் பிடிக்கச் சொல்லி, மூலையிலிருந்து இழுத்து, நீளச் சுவரின் நடுவுக்குக் கொண்டுவந்து, சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டார். குரல் குடத்தைவிட்டு வெளியே வந்தது. "ரேடியோவுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, மூலைதான் கத்துது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை.

மூன்று வாரமாக நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீடு மாற்றியிருக்கிறேன். அதே இஎல்84 வால்வு ஆம்ப்ளிஃபையர், அதே ஸ்பீக்கர், அதே ரெக்கார்டுகள். புதிய வீட்டின் சின்ன அறையில் வைத்ததும் இருபது வருடமாகத் தெரிந்த ஒரு மனிதர் திடீரென்று வேறு குரலில் பேசுவதுபோல இருந்தது. இரண்டு நாள் வால்வுகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு டேப்பை எடுத்து அறையை அளந்தேன்.

நீங்களும் அளக்க வேண்டும். பத்துக்குப் பத்து என்று எழுதியிருக்கிறீர்கள், உயரம் எழுதவில்லை. நம் ஊர் காங்கிரீட் வீடுகளில் அதுவும் பத்தடிதான் இருக்கும். அப்படியென்றால் நீங்கள் உட்கார்ந்திருப்பது ஒரு கனசதுரப் பெட்டிக்குள். எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு நடுவே, இடைவெளியைப்போல இரண்டு மடங்கு அலைநீளம் உள்ள ஒலி சிக்கிக்கொண்டு நிற்கும். பத்தடிக்கு அது ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 அதிர்வு. நீளத்துக்கும் 56, அகலத்துக்கும் 56, உயரத்துக்கும் 56. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேலே 112, அங்கேயும் அதே கதை. பேஸ் கிடாரில் 'ஏ' தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். பாட்டு எப்போதெல்லாம் அந்த ஸ்வரத்தில் வந்து இறங்குகிறதோ அப்போதெல்லாம் உங்கள் அறை கூடச் சேர்ந்து பாடுகிறது. மற்ற ஸ்வரங்களுக்குத் துணை இல்லை. 'சில இடங்களில் குமுறுகிறது, சில இடங்களில் காணவே இல்லை' என்று நீங்கள் எழுதியது இதைத்தான். அறை நீளம் 17, அகலம் 12, உயரம் 10 அடி என்றால் 33, 47, 56 என்று மூன்றும் பிரிந்து நிற்கும். தொந்தரவு அப்போதும் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் குவியாது.

நம்பாவிட்டால் இன்று ராத்திரியே செய்து பாருங்கள். போனில் 56 ஹெர்ட்ஸ் ஒலியை உண்டாக்கி, ஆம்ப்ளிஃபையரில் மெதுவாக வையுங்கள். மூலையில் போய்க் காதை வையுங்கள், காது அடைக்கும். அப்படியே நடந்து அறையின் நட்டநடுவுக்கு வாருங்கள். உங்கள் காது தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், மூன்று திசைக்கும் நடுவில் இருக்கும்போது சத்தம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். எந்த நாட்டு வால்வு இதைச் சரிசெய்யும்?

மெத்தை, திரைச்சீலை எல்லாம் நல்லதுதான். கைதட்டினால் டைல்ஸ் தரைக்கும் கூரைக்கும் நடுவே 'டிர்ர்' என்று கேட்கிற எதிரொலியை அவை அடக்கும். ஒரு ஜமக்காளமும் புத்தக அலமாரியும்கூடப் போதும். ஆனால் 56 ஹெர்ட்ஸின் அலைநீளம் இருபது அடி. இலவம்பஞ்சு அதை ஒழுங்காகப் பிடிக்க வேண்டுமானால் ஐந்தடி கனம் வேண்டும். பாதி அறை போய்விடும்.

1947-ல் வில்லியம்சன் என்ற பொறியாளர் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் ஒரு ஆம்ப்ளிஃபையர் டிசைனை வெளியிட்டார். கேடி66 வால்வுகள், 15 வாட், ஒலிச் சிதைவு 0.1 சதவீதம்தான். வீட்டில் பாட்டுக் கேட்பவனுக்கு ஆம்ப்ளிஃபையர் பிரச்சினை அன்றைக்கே பெருமளவு தீர்ந்துவிட்டது. 1950-களில் வார்ஃப்டேல் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ், லண்டனில் சுமார் மூவாயிரம் பேர் அமரும் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், மேடையில் கலைஞர்களை நேரில் வாசிக்கவைத்து, அதன் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். ஆம்ப்ளிஃபையர்கள் பீட்டர் வாக்கரின் குவாட் பிராண்ட். அந்த நாளைய குவாட் 15 வாட்தான். அப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபையரைப் பத்தடிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு ஏன் குமுறுகிறது என்று கேட்டால் என்ன சொல்ல?

மல்லார்ட் கேள்விக்கு வருகிறேன். பிளாக்பர்ன் ஆலையில் செய்த பழைய இஎல்34 அருமையான வால்வு, மறுக்கவில்லை. ஆனால் இன்று அதே பெயரில் புதிதாக வருபவை ரஷ்யாவின் சரத்தோவ் நகரில் தயாரானவை. பழையது என்று சொல்லி எழுத்தை மாற்றி அச்சடித்து விற்பவர்களும் உண்டு. வாங்காதீர்கள். இருக்கிற நான்கிலும் பயாஸ், அதாவது பாட்டு ஓடாதபோதும் வால்வு இழுக்கிற கரண்ட், பார்த்தீர்களா? வால்வின் கேத்தோடு முனையில் 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதில் 400 மில்லிவோல்ட் என்பது 40 மில்லிஆம்பியர். 430 வோல்ட்டில் அது வால்வுக்குள் சுமார் 17 வாட் சூடு. இஎல்34 தாங்குவது 25 வாட். ஜோடியில் இரண்டும் ஒரே அளவு இழுக்கிறதா என்று பாருங்கள், பிராண்டைவிட அது முக்கியம். கரண்ட் ஏறி இறங்குகிற ஊரில் மாலையில் ஒரு முறை, நள்ளிரவில் ஒரு முறை பார்ப்பது நல்லது.

300பி எட்டு வாட். உங்கள் 84 டெசிபல் ஸ்பீக்கருக்குப் போதாது. 93 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் எட்டு மடங்கு பவர் வாங்கியதற்குச் சமம், அப்போது பேசலாம். கேபிள் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

அப்புறம் அம்மா. எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கதவு திறக்கிற சத்தம் கேட்டு நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வை எப்படி இருந்ததோ! என் அப்பா சாகும்வரை ரேடியோவைத் தனியாகக் கேட்டதில்லை. திண்ணையில் நாலு பேராவது இருப்பார்கள். எல்லாவற்றையும் கீழே ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். டிவி பார்க்கிறவர்களிடம் தினமும் ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் வைத்து, அம்மாவுக்குப் பிடித்த பாட்டை முதலில் போடுங்கள். வீட்டில் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அறையின் கூச்சலும் கொஞ்சம் அடங்கும், மனித உடலும் ஒலியை உறிஞ்சும்.

ஹாலின் மூன்று அளவுகளையும் எழுதி அனுப்புங்கள், எங்கே வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம். ஆனால் அதற்கு முன்னால், ரெசிஸ்டரைப் போட்டுவிட்டேன், மீட்டரில் பார்த்தேன் என்று ஒரு வரி எனக்கு வர வேண்டும். அது வரும்வரை வேறெதற்கும் பதில் எழுத மாட்டேன்.