வளவுக்குள் எந்த லென்ஸ்? (கேமரா கேள்வி பதில்)

கேள்வி: கேனான் 80டி வாங்குவதா, நிகான் டி7500 வாங்குவதா என்று மூன்று மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பழைய வீட்டை முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரைக்கும் முழுசாகப் படமெடுத்து வைக்க வேண்டும். பங்காளிகள் சேர்ந்து எப்போது என்ன முடிவெடுப்பார்களோ தெரியாது. தை மாதம் அப்பச்சிக்குச் சாந்திக் கல்யாணமும் (அப்பாவின் அறுபதாம் கல்யாணம்) அதே வீட்டில்தான். எதை வாங்கட்டும்?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதலில், வீட்டைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியதே, அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும் நிலைக்கதவுகளைப் பார்க்கும்போதெல்லாம், இதைக் கழற்றுவதற்கு முன்னால் வீட்டோடு சேர்த்து யாராவது ஒரு படமாவது எடுத்திருப்பார்களா என்றுதான் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். மூன்று மாதமும் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை மட்டுமே ஒப்பிட்டிருக்கிறீர்கள், லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 80டி 2016-இல் வந்தது, 24.2 மெகாபிக்சல், டி7500 அடுத்த வருடம் வந்தது, 20.9 மெகாபிக்சல். ஆல்பத்தில் ஒட்டினால் இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. லென்ஸ் தப்பாகப் போனால் தெரியும்.

ஒரு டேப் எடுத்துக்கொண்டு வளவுக்கு, அதாவது நடுமுற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் உள்ள கட்டுக்குப் போங்கள். பட்டாலையில் (உயர்ந்த உள்திண்ணை) சுவரோடு முதுகை ஒட்டி நின்று, எதிரே இருக்கும் தூண் வரிசை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பத்து அடி என்றால், நிகானில் கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் 18 மிமீ முனையில் சுமார் 13 அடி அகலம்தான் படத்துக்குள் வரும், கேனானில் படம் பதியும் சென்சார் கொஞ்சம் சிறியது என்பதால் இன்னும் அரை அடி குறையும். அதே இடத்தில் 10 மிமீ லென்ஸ் போட்டால் நிகானில் 23 அடிக்கு மேல் வரும். பின்னால் நகர இடமில்லாத வீட்டுக்குள் இதுதான் பெரிய விஷயம். நிகானில் ஏஎஃப்-பி 10-20, கேனானில் 10-18 எஸ்டிஎம், இரண்டுமே இதற்கென்றே வந்த, கனமில்லாத லென்ஸ்கள். ஆனால் இவ்வளவு அகலமான லென்ஸில் கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்தாலும் பர்மா தேக்குத் தூண்கள் எல்லாம் உள்பக்கம் சாய்ந்துவிடும், அதனால் ட்ரைபாடில் மட்டம் பார்த்து நேராக வைத்து எடுங்கள்.

வெளிச்சம்தான் அடுத்த சிக்கல். மதியம் நடுமுற்றத்தில் வெயில் கண்ணைப் பறிக்கும், சுற்றுத் தாழ்வாரம் இருட்டாக இருக்கும். ரா ஃபைலாக (கேமரா திருத்தாமல் அப்படியே தரும் கோப்பு) எடுத்து, இருட்டான பகுதியைக் கம்ப்யூட்டரில் தூக்கினால் டி7500-இல் புள்ளி புள்ளியாக வருவது குறைவு. அதே நேரம் வீடியோவில் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் செய்வதில் 80டி தெளிவாக மேல். உங்கள் முதல் வேலை வீடு என்பதால் நான் நிகானைச் சொல்வேன். டி7500 வாங்கினால் கையிருப்பு பாடியோடு தீர்ந்துவிடும் என்றால், தயங்காமல் டி5600-க்கு இறங்கி, மிச்சப் பணத்தில் அந்த 10-20 லென்ஸையும் சிக்மா 17-50 எஃப்2.8 லென்ஸையும் வாங்குங்கள். நல்ல பாடியில் கிட் லென்ஸை விட, சுமாரான பாடியில் இந்த இரண்டு லென்ஸ் எவ்வளவோ மேல்.

எஃப்2.8 எதற்கு என்றால் கல்யாணத்துக்கு. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும். கிட் லென்ஸை 50 மிமீ பக்கம் கொண்டுபோனால் எஃப்5.6 ஆகிவிடும், எஃப்2.8 அதைப் போல நாலு மடங்கு வெளிச்சம் வாங்கும். அதில் நொடியில் 30-இல் ஒரு பங்கு ஷட்டர் இதில் 125-இல் ஒரு பங்காகும், தாலி கட்டும் கை ஆடாமல் நிற்கும். அப்புறம், பிளாஷை மேலே திருப்பிக் கூரையில் பட்டு இறங்கும்படி அடிப்பது மண்டபங்களில் வழக்கம். உங்கள் வீட்டில் மேலே மரக் கூரை, வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மிச்சத்தைச் செம்பழுப்பாக அனுப்பும், எல்லோர் முகமும் மஞ்சள் பூசின மாதிரி வரும். பக்கத்து வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி அடியுங்கள்.

வட்ட போலரைசர் ஃபில்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைச் சாய்வாகப் பார்த்து நின்று ஃபில்டரின் வளையத்தை மெல்லத் திருப்பினால், மேலே மினுங்கும் வெளிச்சம் விலகி, அடியில் இருக்கும் சிவப்பும் பச்சையும் அப்படியே எழுந்து வரும்.

கேள்வி: எங்கள் ஐயா வைத்திருந்த நிகான் 50 மிமீ எஃப்1.8டி லென்ஸ் அலமாரியில் கிடைத்தது. இப்போதைய டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் கேமரா) வேலை செய்யுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: செய்யும். நிகான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்ட்தான் (பாடியில் லென்ஸ் மாட்டும் இடம்) இன்றைய நிகான் டிஎஸ்எல்ஆர்களிலும் இருக்கிறது. ஆனால் உங்கள் லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் அதன் ஃபோகஸைத் திருப்ப வேண்டும். டி7200, டி7500 இரண்டிலும் அது உண்டு. மேலே சொன்ன டி5600-இல் கிடையாது, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும், ஆகவே நீங்கள் அதை வாங்காதீர்கள். லென்ஸில் இருக்கும் எஃப் எண் வளையத்தை 22-இல் வைத்துப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் திரையில் பிழைக்குறிதான் மின்னும்.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். நானும் முன்பு ஒரு கடைக்காரரின் பேச்சை நம்பி, இப்படிப் பார்க்காமல் ஒரு பழைய லென்ஸ் வாங்கினேன். உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி ஃபங்கஸ் படர்ந்திருந்தது, எதிர்வெளிச்சத்தில் எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியது போல் வெளிறிப்போனது. உங்கள் லென்ஸ் சுத்தமாக இருந்தால் மறுபடி அலமாரிக்கு அனுப்பாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டதாமே, இப்போது வாங்குவது வீணா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: கேனானும் நிகானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை, அது உண்மை. அதனாலேயே நல்ல பாடிகள் செகண்ட் ஹேண்டில் கைக்கு வருகின்றன. ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள், 80டிக்கு 1 லட்சம், டி7500-க்கு 1.5 லட்சம் தடவை தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. நாளைக்கு உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போனாலும், கேனான் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ்கள் கேனான் மிரர்லெஸ்ஸில் அடாப்டரில் ஆட்டோஃபோகஸோடு ஓடும்.

கேள்வி: வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்கு என் கேனான் 200டி கேமராவும் 55-250 லென்ஸும் போதுமா?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: கண்மாய்க் கரைக்கு மேலே பறந்து வருவதற்குப் போதும். நடுவில் இருக்கும் மரத்துக் கூடுகளுக்குப் போதாது, 150-600 மாதிரி ஒன்று வேண்டும். அதை வாங்குவதற்கு முன் ஒரு வாரம் காலையில் போய் இருப்பதை வைத்தே எடுத்துப் பாருங்கள், வெளிச்சம் ஏறுவதற்குள் இடம் பிடித்துச் சத்தமில்லாமல் உட்காருங்கள். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர், பக்கத்தில் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி.