டெங்குவுக்கு ஏன் ஆன்டிபயாட்டிக் தரவில்லை?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் பீடி சுற்றிப் பிழைக்கிறேன். என் மகனுக்கு டெங்கு வந்தபோது பாராசிட்டமால் மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் மட்டுமே கொடுத்தார்கள். அதே சமயம் பக்கத்து வீட்டு மதினிக்கு உண்ணிக் காய்ச்சல் என்று டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. பிளஸ் டூ படிக்கும் மகளோ, வைரஸுக்கு உயிர் கிடையாது, அதனால் மருந்தும் கிடையாது என்கிறாள். உயிரில்லாதது எப்படிப் பெருகும்? என் மகனுக்குத் தர வேண்டிய மருந்தைத் தராமல் விட்டுவிட்டார்களா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகனுக்குக் கொடுக்கப்பட்டது முறையான சிகிச்சைதான், அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். இரண்டு காய்ச்சல்களுக்கும் இரண்டு விதமான மருத்துவம் செய்யப்பட்டதற்குக் காரணம், அவற்றை உண்டாக்கும் கிருமிகளின் அமைப்பிலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் மதினிக்கு வந்ததைப் பார்ப்போம். மலையடிவாரத்துப் புதர்களிலும் வயல் வரப்புகளிலும் இருக்கும் மிகச் சிறிய ஒருவகை உண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது. கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குளிலோ இடுப்பிலோ தொடை இடுக்கிலோ, வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று காணப்படுவதுண்டு. காய்ச்சலோடு வருபவரின் ஆடையை விலக்கி அதைத் தேடிப் பார்க்காமல் விடக் கூடாது என்பதை இளம் மருத்துவர்களிடம் நான் எப்போதும் வற்புறுத்துவேன். ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியாதான் இந்நோய்க்குக் காரணம். வைரஸைப் போலவே அதுவும் நம் செல்லுக்குள் புகுந்தால்தான் பெருக முடியும். ஆனாலும் அது சந்தேகத்துக்கு இடமின்றி ஓர் உயிரி. தனக்கென்று ஒரு செல் உடல், சுமார் 20 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபுச் செய்தி, அந்தச் செய்தியைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம்கள் ஆகிய எல்லாம் அதற்கு உண்டு; அது வளர்ந்து, இரண்டாகப் பிரிகிறது. டாக்ஸிசைக்ளின் அந்த ரைபோசோம்களைப் பிடித்துக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்துகிறது. நம் செல்களின் ரைபோசோம்கள் வேறு அமைப்புடையவை என்பதால் மருந்து அவற்றை விட்டுவிடுகிறது. இரண்டே நாளில் காய்ச்சல் விட்டதன் விளக்கம் இதுதான்.

டெங்கு வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 50 நானோமீட்டர். வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் 20,000 அடங்கும். அதற்குள் இருப்பது சுமார் 10,700 எழுத்துகளில் மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. என்னும் இழை ஒன்று, அதைப் பொதிந்திருக்கும் புரதம், அதற்கு மேல் முன்பு பெருகிய செல்லிலிருந்து எடுத்து வந்த கொழுப்புச் சவ்வு, அந்தச் சவ்வில் பதிந்த புரதங்கள். வேறொன்றும் இல்லை. ரைபோசோம் இல்லை, உணவை ஆற்றலாக மாற்றும் ஏற்பாடு இல்லை, உண்பதும் கழிப்பதும் வளர்வதும் இல்லை. பத்தமடையில் பாய் நெய்பவரிடம் தறியும் கோரையும் இருக்கின்றன. வைரஸிடம் இருப்பதோ எப்படி நெய்ய வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே, தறியும் கோரையும் நெய்யும் கையும் நம்முடைய செல்லினுடையவை.

உயிரில்லாதது எப்படிப் பெருகும் என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது. கொசுக்கடியின் வழியே உடலுக்குள் வந்த வைரஸ் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, செல் அதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே உள்ள அமிலத்தன்மையில் வைரஸின் சவ்வு செல்லின் சவ்வோடு இணைந்து திறக்க, ஆர்.என்.ஏ. இழை வெளியே வருகிறது. அதற்குப் பிறகு சில மணி நேரம் அந்தச் செல்லில் எவ்வளவு தேடினாலும் முழு வைரஸ் ஒன்றைக்கூடக் காண முடியாது, ஏனெனில் வந்தது கலைந்துவிட்டது, புதியது இன்னும் உருவாகவில்லை. நம் ரைபோசோம்கள் வந்த செய்தியைத் தம்முடையது போலவே படித்து ஒரு நீண்ட புரதத்தைச் செய்கின்றன; அது வெட்டப்பட்டுப் பத்துப் புரதங்களாகிறது; இழையும் படியெடுக்கப்படுகிறது. பின்னர் பாகங்கள் ஒன்று சேர்ந்து புதிய வைரஸ்களாக வெளியேறுகின்றன. எந்த உயிரியும் தன் உடலை முழுமையாக இழந்துவிட்டு இப்படிப் பெருகுவதில்லை. என் அறிவுக்கு எட்டிய வரையில், வைரஸை உயிரிகளிலிருந்து பிரித்துக் காட்டும் மிகத் தெளிவான வேறுபாடு இதுவே.

ஆகவே வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், அது தாக்க வேண்டிய உறுப்பு அங்கே இருப்பதில்லை. அமாக்ஸிசிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் குறி வைக்கிறது. வைரஸுக்குச் சுவரே கிடையாது. அசித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமைக் குறி வைக்கிறது, அதுவும் கிடையாது. தேவையில்லாமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடவும் கூடும்.

நீங்கள் பீடி சுற்றுவதாக எழுதியிருப்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வைரஸ் என்ற ஒன்று இருப்பதே புகையிலைச் செடியின் நோய் ஒன்றிலிருந்துதான் தெரியவந்தது. இலையில் வெளிர்ப் பச்சையும் கரும் பச்சையுமாகத் திட்டுகள் விழும் அந்த நோயை ஆராய்ந்த ரஷ்ய அறிவியலாளர் இவானோவ்ஸ்கி, பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் தாண்டி அது பரவுவதை 1892-இல் கண்டார். 1935-இல் அமெரிக்க வேதியியலாளர் வெண்டல் ஸ்டான்லி அந்த வைரஸைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். கரைத்து இலையில் தேய்த்தபோது மீண்டும் நோய் வந்தது. 1955-இல் அதன் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே பிரித்து, திரும்பக் கலந்து, நோய் உண்டாக்கும் வைரஸைப் பெற்றார்கள். எந்த உயிரியையும் இப்படிப் பிரித்துச் சேர்க்க இயலாது. காய்ந்த புகையிலையிலும் அது ஆண்டுக்கணக்கில் வீரியம் இழக்காமல் இருக்கக்கூடும். மனிதருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் தூள் பட்ட கையோடு வீட்டுத் தக்காளிச் செடியைத் தொட்டால் செடிக்கு நோய் வரலாம், ஆகையால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

இருந்தாலும் வைரஸை வெறும் இரசாயனப் பொருள் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு மரபுத் தொடர்ச்சி உண்டு. படியெடுக்கும்போது பிழைகள் நேர்ந்து, பிழைக்க வல்லவை நிலைத்து, தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. அதனால்தான் உயிரா, பொருளா என்ற விவாதம் அறிவியலாளரிடையே இன்னும் நீடிக்கிறது. செல்லுக்கு வெளியே பொருள், செல்லுக்குள் உயிரின் செயல் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தேர்வில் உங்கள் மகள் பாடநூலில் உள்ளபடியே எழுதட்டும்.

ஆனால் 'அதனால் மருந்து கிடையாது' என்று அவள் சொன்னதை மட்டும் திருத்த வேண்டும். வைரஸ் தன் செய்தியைக் கொண்டு நம் செல்லில் செய்வித்துக்கொள்ளும் ஓரிரு நொதிகளை, அதாவது வேதிவினைகளை நடத்தும் புரதங்களை, குறி வைக்கும் மருந்துகள் உண்டு. சின்னம்மைக்கும் அக்கிக்கும் தரப்படும் அசைக்ளோவிர் அத்தகையது. டெங்குவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட அப்படியொரு மருந்து இன்னும் வரவில்லை. வைரஸை உடலின் எதிர்ப்பாற்றலே அகற்றுகிறது. அதுவரை நீர்ச்சத்துக் குறையாமல் காப்பதே சிகிச்சை. ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபனும் இரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடும் என்பதால்தான் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீடித்த பாதுகாப்பு. வேறு வகை இரண்டாம் முறை தாக்கினால் நோய் கடுமையாக வாய்ப்பு அதிகம். மகனுக்கு மறுபடி காய்ச்சல் வந்தால், முன்பு டெங்கு வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள். காய்ச்சல் விடுகின்ற நாட்களில்தான் ஆபத்து நெருங்கும் என்பதால், கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சோர்ந்து துவளுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.