கூட்டம் உண்டு, சோதனை இல்லை

கேள்வி: நயினார்குளம் சந்தையிலுள்ள கமிஷன் மண்டிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக எழுதி அடிக்கடி வெளியிடும் அஜைல் முறைப்படி தினசரி ஸ்டாண்ட்-அப் (நின்றபடி நடத்தும் குறுங்கூட்டம்), இரண்டு வார ஸ்பிரிண்ட் (ஒரு தவணை வேலை) எல்லாம் ஒழுங்காக நடந்தும், பிழைகள் பெருகுகின்றன. ஒவ்வொரு ஸ்பிரிண்டின் கடைசி இரண்டு இரவும் தூக்கமில்லை. குறை முறையிலா, எங்களிடமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முறையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதே குறை என்று தோன்றுகிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை, ஓடுகிற மென்பொருளையே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோலாகச் சொல்கிறது. நீங்கள் குறிப்பிடும் கூட்டங்கள், அஜைல் வகைகளில் ஒன்றான ஸ்க்ரம் முறையிலிருந்து வந்தவை. நிரலை எப்படி எழுதிச் சோதிப்பது என்பதை ஸ்க்ரம் வகுத்துக் கூறுவதில்லை. அதைக் கூறியது, அமெரிக்க நிரலாளர் கென்ட் பெக் வகுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு அஜைல் வகை. கூட்டம் போடுவது எளிது, தானியங்கிச் சோதனை (நிரலைத் தானே சரிபார்க்கும் நிரல்) எழுதுவது கடினம் என்பதால், பல நிறுவனங்கள் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டன.

உங்கள் கடைசி இரவுகளுக்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். தொடக்கத்தில் மென்பொருள் சிறியது, கையால் சோதித்துவிடலாம். ஓராண்டு கழித்து, இறக்குக்கூலிக் கணக்கில் ஒரு வரியை மாற்றினாலும், விவசாயிக்குக் கொடுத்த முன்பணம் சரியாகக் கழிகிறதா என்பதுவரை பழையவை அனைத்தையும் அதே இரண்டு வாரத்துக்குள் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே அடுத்த சில ஸ்பிரிண்டுகளில் புதிய வசதிகளைப் பாதியாகக் குறையுங்கள். எந்தப் பிழை வந்தாலும், அதைப் பிடிக்கும் சோதனையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு திருத்துங்கள். ஒருவர் கையில் ஒரு வேலைக்கு மேல் இருக்க வேண்டாம்.

ஸ்டோரி பாயிண்ட்டை (ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு மதிப்பிட்டுத் தரும் புள்ளியை) வைத்து நிர்வாகம் ஆட்களை எடைபோடுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் மதிப்பீடு வீங்குமே தவிர வேலை கூடாது. அறிக்கையில் கையெழுத்திட்ட ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயிண்ட்டைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. வாடிக்கையாளர் தரப்பும் நிரலாளர்களும் நாள்தோறும் சேர்ந்து பணியாற்ற வேண்டும் என்பது அறிக்கையின் கோட்பாடுகளில் ஒன்று. ஆற்றைத் தாண்டினால் சந்தை. உங்கள் நிரலாளர்களில் எத்தனை பேர், சரக்கு இறங்கும் நேரத்தில் மண்டியில் நின்று கணக்கர் பில் போடுவதைப் பார்த்திருக்கிறார்கள்? விற்பனைப் பிரதிநிதி எழுதித் தரும் குறிப்பு அதற்கு ஈடாகாது.

கேள்வி: அஜைல் என்றால் ஆவணமே எழுத வேண்டாம் என்கிறார் எங்கள் குழுத் தலைவர். சரியா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: சரியன்று. விரிவான ஆவணத்தைவிட ஓடும் மென்பொருளை மேலாக மதிப்பதாகச் சொல்லும் அந்த அறிக்கை, ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்பதை அங்கேயே ஒப்புக்கொள்கிறது. அனுபவம் சேர்ந்ததும் ஆட்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடும் நம் பக்கத்து நிறுவனங்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். ஒவ்வொரு பெரிய முடிவையும், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்ற காரணத்துடன், அரைப் பக்கம் எழுதி நிரலோடு சேர்த்தே வைக்கச் சொல்லுங்கள்.