வரி விதித்தால் சிறுவர்கள் விலகுவார்களா?

கேள்வி: ஆபாசப் படங்களை இணையத்தில் விநியோகிப்போர்மீது தனி வரி விதித்தால், சிறுவர்கள் அவற்றைப் பார்ப்பது குறையுமா?

பதில்: வரி மட்டும் போதாது என்பதே என் உறுதியான கருத்து. புகையிலைக்கு வரி கூடினால் விலை ஏறுகிறது. கையில் குறைந்த பணமே வைத்திருக்கும் சிறுவர்கள் அதனால் எளிதில் விலகுகிறார்கள். ஆனால், ஆபாசத் தளங்கள் பலவும் பார்ப்பவரிடம் காசு கேட்காமல் விளம்பரத்தாலேயே வருவாய் ஈட்டுவதால், வரிச்சுமை எந்தச் சிறுவனையும் தடுப்பதில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம், ஆபாசப் படங்களின் விற்பனை, சந்தா போன்றவற்றால் வரும் வருவாய்க்கு 10 சதவீத வரி விதித்ததோடு வயதுச் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கியது. இவ்விரண்டில் குழந்தையின் முன் கதவை அடைப்பது சரிபார்ப்புதான். பிரிட்டனிலும் 2025 ஜூலை முதல் அது கட்டாயம். வயதை நிரூபிக்கக் கொடுக்கும் அடையாள ஆவணங்கள் கசியும் அபாயம் இருப்பதால், ஆள் யாரென்று காட்டாமல் வயதை மட்டும் உறுதிசெய்யும் முறையே வேண்டும். வரியையும் நான் எதிர்க்கவில்லை. அத்தொகை பொது நிதியில் கரைந்துவிடாமல், இப்படங்களால் மனம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் எனச் சட்டத்திலேயே ஒதுக்கப்படுமானால், முழு மனத்தோடு வரவேற்பேன்.