பனங்கட்டி காய்ச்ச எவ்வளவு பெரிய தாச்சி?

தம்பி, பூநகரியில் நாளுக்கு 15 லீற்றர் கருப்பநீர் (புளிக்காத பனஞ்சாறு) கிடைக்கிறது, பனங்கட்டி காய்ச்சுவதற்கு 20 லீற்றர்ப் பானை போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. கொதி ஏறியதும் நுரை பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிடும். இரண்டு மடங்கு, அதாவது 30 லீற்றர் கொள்ளும் தாச்சியே (வாயகன்ற சட்டி) வாங்குங்கள். உயரமான பானை வேண்டவே வேண்டாம். வாய் அகன்றால்தான் நீர் விரைவாக வற்றும், விறகும் மிச்சம்.

அடி உருண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 15 லீற்றரும் வற்றிக் கடைசியில் ஏறக்குறைய 2 லீற்றர்ப் பாகுதான் நிற்கும். தட்டையான அடியில் அது மெல்லிதாகப் பரவிக் கருகும். என் முதல் பாத்திரத்தில் அப்படித்தான் ஒரு நாள் உழைப்பு முழுவதும் கசந்து போனது. உருண்ட அடியில் பாகு நடுவே திரளும், அகப்பைக்கு வசமாக இருக்கும்.

சாறு புளிக்காமலிருக்க முட்டியில் (மரத்தில் கட்டும் பானையில்) பூசிய சுண்ணாம்பு கருப்பநீரில் கலந்திருக்கும். அதைத் தெளியவைத்து வடித்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். நுரை மிஞ்சினால் ஒரு பிடி தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) போடுங்கள், அடங்கிவிடும்.