மரம் ஏறுற கயிறு, மிஷினு, அரம்: கேட்டதுக்கெல்லாம் பதில்

நான் தண்டையார்பேட்ட. மரம் வெட்டுறது, கிளை கழிக்கிறது, இதான் பதினெட்டு வருசமா பொழப்பு. கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு சொன்னேன், குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி வந்தத சேர்த்துட்டேன். மிஷினுன்னு நான் சொல்றது பெட்ரோல்ல ஓடுற செயின் ரம்பம்.

வியாசர்பாடி தம்பி: அண்ணே, ஆன்லைன்ல 58 சிசி மிஷின் ஐயாயிரம் ஆறாயிரத்துக்கு வருது, வாங்கலாமா?

சிசிய பாத்து மயங்காத நைனா. நானும் ஒன்னு வாங்கி பத்தே நாள்ல ஆயில் பம்ப் பூட்ச்சு, ஸ்பேர் கேட்டா "வேற மிஷினே வாங்கிக்கோங்க"ன்னுட்டாங்க. மேல ஏறி வேல செய்றவனுக்கு எடை தான் முதல் கணக்கு. ஸ்டில் கம்பெனியோட 170 எடுத்துக்கோ, 30 சிசி, பாரும் (செயின் சுத்தி ஓடுற நீட்டு தகடு) செயினும் இல்லாம 4 கிலோ பக்கம் வரும். அதே கம்பெனில 382ன்னு கீது, 72 சிசி, 6 கிலோவுக்கு மேல. அது கீழ நின்னு அடிமரம் அறுக்குறதுக்கு, அத இடுப்புல தொங்கவிட்டுக்கினு தூங்குமூஞ்சி மரத்துல ஏறிப்பாரு, சாயங்காலம் இடுப்பு யாரோடதுன்னு தெரியாது. எந்த கம்பெனியா இருந்தாலும் உன் ஏரியா பக்கத்துல ஸ்பேர் கிடைக்குதான்னு கேட்டுட்டு துட்டு குடு.

காசிமேடு: போட்டுல கட்டுற கயிறே சும்மா கெட்டியா கீதே, அதுல ஏறினா இன்னா?

இதுக்கு தான் நான் காத்துக்கினு இருந்தேன். முப்பதாயிரம் போட்டு மிஷின் வாங்குறவன் கயிறுக்கு மட்டும் கிலோ கணக்குல பேரம் பேசுவான். கடையில நைலான்னு சொல்லி குடுக்குறதுல பாதி நைலானே கிடையாது. ஒரு துண்டு வெட்டி பக்கெட் தண்ணில போட்டு அமுக்கி காத்த வெளிய விட்டுப் பாரு, மெதந்துச்சுன்னா பாலிபுரோப்பிலீன் மாதிரி வகை, நைலான்னா முழுகிடும். போட்டுக்கு மெதக்குற கயிறு சரி தான், ஆனா பாலிபுரோப்பிலீன் 165 டிகிரி பக்கமே உருகிடும், நீ சுருக்கு போட்டு சர்ருனு இறங்குறப்போ உரசுற சூடு அதுக்கு ஆகாது. நைலான் 220 பக்கம் தாங்கும், பாலியஸ்டர் இன்னும் மேல. ஏறுறதுக்குன்னே பின்னி வர்ற 11லேர்ந்து 13 மில்லி கயிறு வாங்கு, அதுல கட்டுற புருசிக் சுருக்குக்கு (எடை விழுந்தா ஏறு கயித்த இறுக்கிப் புடிக்கிற முடிச்சு) மெல்லிசா 8 மில்லி, ஏறு கயிறும் சுருக்கு கயிறும் ஒரே தடிமன்னா கடிக்காது, வழுக்கும். காசிமேட்டு உப்புக் காத்து கொக்கியையும் தின்னுடும், வாரம் ஒருவாட்டி நல்ல தண்ணில கழுவி, துடைச்சு, வாய்க்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. கயிறு பழசானா சாமான் இறக்க வெச்சுக்கோ, ஆள் ஏத்தாத.

பெரம்பூர்: புது செயின், ரெண்டே நாள்ல வெட்டல, புகை தான் வருது. செயின் மட்டமா?

செயின் மேல பழி போடாதீங்க தலைவரே. நம்ம தெரு மரத்துல இல்லாத ஆணியே கிடையாது, டியூஷன் போர்டு, கட்சி பேனரு, கேபிள் ஒயரு, சீரியல் பல்பு கட்டுன கம்பி, எல்லாம் பட்டைக்குள்ள முழுங்கி கெடக்கும். ஒரு வேப்ப மரத்துல மூணு ஆணிய புடுங்கிட்டேன், நாலாவத செயினு கண்டுபிடிச்சுச்சு. அறுக்குறதுக்கு முன்னாடி பட்டையில வீங்குன எடம், கறுப்பா கசிஞ்ச எடம் இருக்கான்னு பாத்து ஒரு அடி மேலயோ கீழயோ வெட்டுங்க.

அடையாளம் இன்னான்னா, நல்ல செயின் சீவல் சீவலா தள்ளும், மொட்டை செயின் பவுடர் மாதிரி மாவு தள்ளும். மாவு வந்த நிமிசமே நிறுத்தி அரம் போடணும். சின்ன மிஷின் செயினுக்கு பெரும்பாலும் 4 மில்லி உருட்டு அரம், 30 டிகிரி சாய்ச்சு, முன்னாடி தள்ளுறப்போ மட்டும் அழுத்தி, திரும்பி வர்றப்போ தூக்கிடணும். எல்லா பல்லுக்கும் அதே எண்ணிக்கை, இந்தப் பக்கம் மூணு தேய்ப்புன்னா அந்தப் பக்கமும் மூணு. இல்லாட்டி வெட்டு கோணையா ஒரு பக்கமா ஓடும், அப்புறம் பார் வளைஞ்சிடுச்சுன்னு கடைக்கு ஓடுவீங்க.

மூலக்கடை: ஒரு மாசம் சும்மா வெச்சேன், ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, கயிறு இஸ்து இஸ்து கை போச்சு.

பெட்ரோல டேங்குலயே விட்டுட்ட, கரெக்டா? இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 பர்சன்ட் வரைக்கும் கலந்து வருது, அது காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், வெச்சா கெட்டுப்போயி கார்பரேட்டர் உள்ள இருக்குற ரப்பர் சவ்வு விறைச்சிக்கும். வேல முடிஞ்சா டேங்க காலி பண்ணிட்டு, மிஷின ஓடவிட்டு தானா நிக்கிற வரைக்கும் விடு. பெட்ரோல்ல கலக்குற ஆயில், டப்பால 50க்கு 1ன்னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி, சிரிஞ்ச்ல அளந்து ஊத்து, கண் மதிப்பு வேணாம். பைக்லேர்ந்து வடிச்ச பழைய ஆயில செயினுக்கு ஊத்துறவங்களுக்கு ஒன்னே ஒன்னு: அதுல இருக்குற இரும்புத் தூளு உங்க பாரையே அரம் போடும்.

எண்ணூர்: ஒத்தக் கையில வெட்டுற சின்ன மிஷின் எப்டி?

அது ஒத்தக் கைக்கு செஞ்சது இல்ல. நீ கேக்குறது பின்கைப்பிடி மேலயே இருக்குற மேல்கைப்பிடி மிஷின், இடுக்குல திருப்புறதுக்கு தோதா செஞ்சது, பிடிக்க வேண்டியது ரெண்டு கையாலயும் தான். பார் நுனியோட மேல் பாதி கிளையில பட்டுச்சுன்னா மிஷினு எகிறி மூஞ்சிக்கு வரும், ஒத்தக் கையில அத தடுக்கவே முடியாது. எனக்கு ஒருவாட்டி ஹெல்மெட்ட கீறிட்டு போச்சு, அன்னிக்கு சாயங்காலம் டீ கிளாஸ் புடிக்க கை நிக்கல. வெட்டுறப்போ மட்டும் ஏறு கயிறு போக, இடுப்புலேர்ந்து மரத்த சுத்தி இன்னொரு கட்டு, உள்ள கம்பி ஓடுறதா இருந்தா நல்லது. ஒன்ன தெரியாம அறுத்தாலும் இன்னொன்னு இருக்கும்.

ராயபுரம்: காலுக்கு போடுற பாதுகாப்பு பேன்ட், இந்த வெயில்ல சாத்தியமா?

பேஜாரு தான், மே மாசம் உள்ள ஆறா ஓடும். அதான் முழு பேன்ட் வேணாம்னு முன்பக்கம் மட்டும் கட்டுற மாதிரி வாங்கினேன். உள்ள இருக்குற நாரு செயின்ல சுத்தி மிஷின நிறுத்திடும். காலைல ஆறு மணிக்கு ஏறு, பத்தரைக்கு இறங்கு, அதுக்கு மேல வெயில்ல மேல இருக்குறவனுக்கு கவனமே இருக்காது.

கொடுங்கையூர்: தென்னை ஏறுற மிஷின்ல வேப்ப மரம் ஏறலாமா?

வேணாம்யா. அது கேரளாக்காரரு செம்பேரி ஜோசப் கண்டுபிடிச்சது, கிளையே இல்லாத நேர் மரத்துக்கு.

திருவொற்றியூர்: புயல்ல சாஞ்ச மரத்துல பார் மாட்டிக்குது, எப்டி எடுக்குறது?

2016 டிசம்பர் 12 வர்தா அடிச்ச மறுநாள் எனக்கும் இதான் கதை, ரோட்டுக்கு குறுக்க கெடந்த மரத்துல பார் கவ்வி, மிஷின விட்டுட்டு அருவாளால வெட்டி எடுத்தேன், தெருவே நின்னு வேடிக்க பாத்துச்சு. வளைஞ்சு நிக்கிற கிளையில ஒரு பக்கம் நசுங்கி இருக்கும், இன்னொரு பக்கம் இழுபட்டு இருக்கும். நசுங்குற பக்கம் முதல்ல மூணுல ஒரு பங்கு போ, அப்புறம் இழுபடுற பக்கத்துலேர்ந்து மெதுவா, கிளை திமிரி அடிக்கிற பக்கம் நிக்காத. மாட்டிக்கிச்சுன்னா மிஷின ஆஃப் பண்ணு, ஆப்பு வெச்சு வெட்ட அகலப்படுத்து, இஸ்து ஆட்டாத. சாஞ்ச மரத்துல ஒயர் சுத்தி இருந்தா ஈபிகாரங்க வந்து லைன கட் பண்ணிட்டோம்னு வாயால சொல்ற வரைக்கும் கிட்டயே போகாத, தெருவுல கரன்ட் இல்லைன்றது கணக்கே இல்ல, எவன் வீட்டு இன்வெர்ட்டர் எப்டி ஒயர் பண்ணியிருக்கோ யாருக்கு தெரியும்.

மீதி கேள்விங்க அடுத்த ஞாயித்துக்கிழம, இப்ப மொட்டைமாடியில காயப்போட்ட கயிற எடுக்கணும், தூத்தல் போடுது.