பேக்கர்ஸ் பயிற்சி முகாமை நேரில் பார்க்க எந்த நாள் போகலாம், எங்கே நிற்கலாம், என்ன எடுத்துப்போகலாம்?

கேள்வி: கோடை விடுமுறையில் சிகாகோவிலிருந்து பிள்ளைகளோடு கிரீன் பே போகிறோம். அங்கிருக்கும் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸின் பயிற்சியை ஒரு நாளாவது பார்க்க ஆசை. டிக்கெட் வாங்கணுமா? எந்த நாள் நல்லது?

பதில்:

டிக்கெட் வேண்டாம். அணியின் அரங்கமான லாம்போ ஃபீல்டுக்குக் கிழக்கே, ஒனைடா தெருவைக் கடந்தால் ரே நிட்ச்கி ஃபீல்ட் என்ற பயிற்சி மைதானம். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நாட்களில் அங்கே இலவசமாக உட்கார்ந்து பார்க்கலாம். எந்தெந்த நாள் திறப்பு, எத்தனை மணிக்குத் தொடக்கம் என்று அணியின் இணையதளத்தில் முன்கூட்டியே பட்டியல் வந்துவிடும். நடுவில் வீரர்களுக்கு ஓய்வு நாட்கள் உண்டு, ஆகஸ்ட் பிற்பாதியில் பயிற்சியைப் பொதுமக்களுக்கு மூடிவிடுவார்கள். ஆகவே பட்டியலைப் பார்த்துவிட்டு ஹோட்டல் போடுங்கள்.

எந்த நாள் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முகாம் தொடங்கும் ஜூலைக் கடைசி நாட்களுக்கே பலரும் ஓடுகிறார்கள். அந்த முதல் சில நாட்களில் தோள் கவசத்தோடு முழு மோதல் கிடையாது. உடம்பு வெயிலுக்கும் ஓட்டத்துக்கும் பழகட்டும் என்று என்எஃப்எல் லீக்கும் வீரர்கள் சங்கமும் செய்த ஒப்பந்தம் அது. ஓடுவார்கள், பந்து பிடிப்பார்கள், அவ்வளவுதான். முழுக் கவசம் ஏறுவது ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து. அந்த முதல் 'பேட்ஸ்' (கவச) நாளையோ அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களில் ஒன்றையோ பிடியுங்கள். ஆகஸ்டில் வேறு அணி வந்து கூட்டுப் பயிற்சி செய்தால் இன்னும் நல்லது. 2022இல் செயின்ட்ஸும் 2023இல் பேட்ரியட்ஸும் அப்படி வந்தார்கள். சொந்த அணிக்குள் மோதுவதைவிட அங்கே வேகமும் சூடும் ஒரு படி கூடுதல், கூட்டமும் கூடுதல்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் லாம்போ ஃபீல்டுக்குள்ளேயே 'ஃபேமிலி நைட்' நடக்கும். அதற்கு மட்டும் டிக்கெட் உண்டு. வாணவேடிக்கை எல்லாம் சேர்ந்து பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி இருக்கும். ஆனால் 81,441 பேர் அமரும் அரங்கில் வீரர்கள் தூரத்தில்தான் தெரிவார்கள். ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால், நான் சாதாரண நாள் காலைப் பயிற்சியைத்தான் சொல்வேன்.

மழை, இடி என்றால் பயிற்சியைப் பக்கத்திலிருக்கும் டான் ஹட்சன் சென்டர் என்ற உள்ளரங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பொதுமக்களுக்கு இடமில்லை. சிகாகோவிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்து கையைப் பிசைந்து நிற்பவர்கள் பெரும்பாலும் இதனால்தான் ஏமாறுகிறார்கள். இரண்டு திறந்த நாட்கள் அடுத்தடுத்து வருகிற மாதிரி பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்புமுன் அணியின் சமூக ஊடகப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள்.

இப்போது சைக்கிள். வின்ஸ் லோம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்தே ஊறிய வழக்கம் இது. உடைமாற்றும் அறையிலிருந்து பயிற்சி மைதானம் வரை வீரர்கள் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிப் போவார்கள். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க நூற்று நாற்பது கிலோ ஆள் ஒருவர் மிதிப்பார். அவருடைய ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி எட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் ஓடிவரும். வேறு ஊரில் இதை இப்படிப் பார்ப்பது அரிது. உங்கள் பிள்ளைகளும் வரிசையில் நிற்கலாம், அதற்குத் தயாராக வாருங்கள். டயரில் காற்று அரைகுறையாக இருந்தால் அந்த எடைக்கு விளிம்பு தரையைத் தொட்டு ட்யூப் கிழியும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவுக்கு அடித்துக்கொண்டு வாருங்கள். சீட் போல்ட்டையும் ஹேண்டில்பாரையும் முறுக்குங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். குட்டிச் சக்கரம் வைத்த பொம்மை சைக்கிளைவிடத் தடித்த சட்டம் போட்ட பிஎம்எக்ஸ் வகை தாங்கும். பயிற்சி தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது வந்துவிடுங்கள். வீரர் சைக்கிளில் இருக்கும்போது வழிமறித்துக் கையெழுத்து கேட்காதீர்கள்; பின்னால் வருகிறவர்கள் மோதி விழுவார்கள்.

உள்ளே உட்கார்ந்ததும் எல்லார் கண்ணும் சிவப்பு ஜெர்சிக்குத்தான் போகும். அது குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்; சிவப்பு என்றால் 'இவரைத் தொடாதே' என்று அர்த்தம். அவரைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, லைன்மேன்கள், அதாவது முன்வரிசையில் நிற்கும் பெரிய உடம்புக்காரர்கள், ஒருவருக்கொருவர் மோதும் டிரில் எந்த மூலையில் நடக்கிறதோ அந்தப் பக்கம் நகருங்கள். குவாட்டர்பேக்கைக் காப்பவர் ஒருவர், துளைக்க வருபவர் ஒருவர். விசில், இரண்டு மூன்று விநாடி, முடிந்தது. பந்தைத் தேடாதீர்கள், கையைப் பாருங்கள். யாருடைய உள்ளங்கை முதலில் எதிராளியின் மார்புக்குள் போய்ப் பதிகிறதோ அவர் பாதி ஜெயித்துவிட்டார். கை வெளிப்பக்கம் போனவர் பின்னுக்குச் சாய்வார், குதிகால் புல்லில் கோடு இழுக்கும். கவசத்தில் கவசம் மோதும் அந்தச் சத்தம் தொலைக்காட்சியில் இப்படிக் கேட்காது.

ஹெல்மெட் மேல் மெத்தென்று ஒரு உறை தெரிந்தால் குழம்ப வேண்டாம். அது கார்டியன் கேப், தலையில் விழும் அடியைக் குறைக்க. 2022இல் லைன்மேன் உள்ளிட்ட சில ஆட்டப் பொறுப்புகளுக்குக் கட்டாயமாக்கி, 2024க்குள் குவாட்டர்பேக், பந்தை உதைப்பவர்கள் தவிர ஏறக்குறைய எல்லாருக்கும் விரித்துவிட்டார்கள். பதினோரு பேருக்குப் பதினோரு பேர் ஆடும்போதும் பந்தோடு ஓடுபவரை வீழ்த்தாமல் தோளில் ஒரு இடி இடித்து விட்டுவிடுவார்கள். காயத்துக்குப் பயந்துதான் அப்படி. அசட்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

முகாமில் 90 பேர் இருப்பார்கள், ஆகஸ்ட் கடைசியில் 53 ஆகக் குறைப்பார்கள். அதனால் இந்தச் சமயத்தில் ஒரே எண்ணை இரண்டு பேர் போட்டிருப்பார்கள், தாக்கும் பக்கம் ஒருவர், தடுக்கும் பக்கம் ஒருவர். வீரர் பட்டியலை அன்றைக்குக் காலையில் அச்செடுத்து வாருங்கள். ஜெர்சி நிறத்தை வைத்து எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். பந்தை உதைக்கும் பயிற்சி தொடங்கியதும் பாதிக் கூட்டம் தண்ணீர் குடிக்கப் போய்விடும். நீங்கள் போகாதீர்கள். தன் இடத்துக்கான போட்டியில் மூன்றாவதாக நிற்கும் புதுப் பையன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடுவது அந்த உதைத்த பந்தைத் துரத்தி ஓடும்போதுதான்.

பை விஷயத்தில் லீக்கின் விதியையே பின்பற்றிவிடுங்கள்: 12 x 6 x 12 அங்குலத்துக்குள் ஒளிபுகும் பை, அல்லது ஒரு காலன் ஜிப் பை. இருக்கைகளுக்கு மேலே கூரை கிடையாது. தொப்பி, சன் க்ரீம், பிள்ளைகளுக்கு உட்கார ஒரு துண்டு; வெயில் ஏறினால் அலுமினியப் பலகை சுடும். பயிற்சி நடக்கும்போது வீடியோ எடுக்காதீர்கள். எதிரணிக்குத் திட்டம் போய்விடும் என்பதில் அணிகள் கறாராக இருக்கும்.

கையெழுத்துக்கு உங்கள் மார்க்கரையே கொண்டுபோங்கள். பச்சை ஜெர்சிக்கு வெள்ளி நிறம், எண்ணின் வெள்ளைப் பகுதிக்குக் கறுப்பு. துணியில் எழுதும்போது அடியில் ஒரு அட்டையை வைத்து இழுத்துப் பிடித்தால்தான் எழுத்து நெளியாது. பளபளப்பான புகைப்படத்தில் மை உடனே காயாது. இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு உறையில் போடுங்கள். மூடியைக் கழற்றித் தயாராக நீட்டுங்கள், நிற்கிற நேரம் சில விநாடிதான்.

பயிற்சி முடிந்ததும் வண்டியை எடுக்க ஓடாதீர்கள். வீரர்கள் வந்த வழியே திரும்பியும் சைக்கிளில்தான் போவார்கள். காலையில் ஓட்டிய அதே பிள்ளையைத் தேடி வருகிறவர்கள் உண்டு, முகாம் முழுக்க ஒரே பிள்ளையோடு போகிறவர்களும் உண்டு. சைக்கிளை விட்ட இடத்திலேயே பிள்ளை நிற்கட்டும்.